கோர்த்தவர் கணக்கு

எகிப்துப் பாலைவனத்தில் பவுல் என்றொரு துறவி இருந்தார். நாளொன்றுக்கு 300 பிரார்த்தனை என்பது அவர் கணக்கு. எண்ணிக்கை தவறிவிடக் கூடாதே என்று 300 கூழாங்கற்களைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொள்வார். ஒரு பிரார்த்தனை முடிந்ததும் ஒரு கல்லை எடுத்து வெளியே போடுவார். மடி காலியானால் அன்றைக்கு ஆயிற்று. வேறு வேலை எதுவும் அவர் செய்வதில்லை. கூடை முடைவதில்லை, கயிறு திரிப்பதில்லை. அன்றன்றைக்குச் சாப்பிடக் கிடைப்பதைத் தவிர வேறு எதையும் வாங்கிக்கொள்வதும் இல்லை. ஜெபம் மட்டும்தான்.

இந்தப் பவுலுக்கு ஒருநாள் பெரிய துக்கம் வந்துவிட்டது. ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு கன்னித் துறவி தினமும் 700 பிரார்த்தனை செய்கிறாளாம். கேள்விப்பட்டதும் மனசு உடைந்து, மக்காரியுஸ் என்ற மூத்த துறவியிடம் போய் நிற்கிறார். ‘என்னால் 300க்கு மேல் முடியவில்லையே’ என்று புலம்புகிறார். அதற்கு மக்காரியுஸ் சொன்ன பதிலின் சாரம் இது: நான் அறுபது வருஷமாக நாளுக்கு 100தான் செய்கிறேன். என் சாப்பாட்டுக்கு என் கையால் வேலை செய்கிறேன். பார்க்க வருகிற சகோதரர்களோடு பேசுகிறேன். சோம்பேறி என்று என் மனசாட்சி என்னைக் குற்றம் சொல்லவில்லை. 300 செய்தும் உன் மனசு உன்னைக் குத்துகிறது என்றால், கோளாறு எண்ணிக்கையில் இல்லை.

பல்லாடியுஸ் என்பவர் கி.பி. 420 வாக்கில் பாலைவனத் துறவிகளைப் பற்றி எழுதிய நூலில் இந்தக் கதை வருகிறது. ஜபமாலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த 300 கற்களை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். கல்லில் ஓட்டை போட்டு நூலில் கோர்த்தால் மாலை என்று அடுத்த படிக்குத் தாவிவிடுவார்கள். மக்காரியுஸின் பதிலை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. எனக்கு அதில்தான் மொத்த விஷயமும் இருப்பதாகப் படுகிறது. ஒருவர் எண்ணுகிறார், இன்னொருவர் எண்ணிக்கொண்டே கையால் வேலையும் செய்கிறார். ஜபமாலையின் கதை இந்த இரண்டு பேரின் கதைதான். எண்ணியவர்களின் பெயர்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. கோர்த்தவர்களின் பெயர்களைத் தேடித்தான் பொறுக்க வேண்டியிருக்கிறது.

‘சாமி சமாச்சாரத்துக்கு எப்படி ரேட் போடறது?’

எனக்குத் தெரிந்த ஒருவர் வாரநாட்களில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறார். சனி, ஞாயிறு மாலை கோர்க்கிறார். ருத்ராட்சம், ஸ்படிகம், துளசி, சில சமயம் சந்தன மணி. ஒவ்வொரு மணிக்கும் ஒரு முடிச்சு, ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு நாமம். சொந்தத்துக்காக ஆரம்பித்தது, கேட்டவர்களுக்குக் கொடுத்து, பிறகு வாட்ஸப்பில் நாலு பேருக்கு விற்று, இப்போது மாதத்துக்குப் பத்துப் பதினைந்து மாலை போகிறது. அவர் என்னிடம் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: “சாமி சமாச்சாரத்துக்கு எப்படிங்க ரேட் போடறது? கம்மியாச் சொன்னா கைநஷ்டம். ஜாஸ்தியாச் சொன்னா, பக்தியை விக்கறேன்னு பேசறாங்க.”

இது ஏதோ இன்ஸ்டாகிராம் காலத்துப் பிரச்சினை என்றுதான் முதலில் தோன்றியது. தேடிப் பார்த்தால், கிட்டத்தட்ட இதே கேள்வி 1,500 ஆண்டுகளுக்கும் முன்னால் கேட்கப்பட்டிருக்கிறது. அதே எகிப்துப் பாலைவனம்தான். அந்தத் துறவிகளை மரியாதையாக ‘அப்பா’ என்று அழைப்பது வழக்கம். அரமேயச் சொல், நம்முடைய அதே பொருள்தான். அவர்கள் பனையோலையில் கூடையும் பாயும் முடைந்து, சந்தைக்கு எடுத்துப்போய் விற்றுச் சாப்பிட்டார்கள். அவர்களுடைய வாக்குகளின் தொகுப்பில் அப்பா பிஸ்தாமோன் என்பவரிடம் ஒரு சகோதரர் வந்து கேட்கிறார்: கையால் செய்ததை விற்கும்போது என் மனசு சஞ்சலப்படுகிறது, என்ன செய்வது?

பிஸ்தாமோன் வேதாந்தம் எதுவும் பேசவில்லை. பெரிய அப்பாக்களே தங்கள் கைவேலையை விற்றவர்கள்தான், அதில் ஆபத்து ஒன்றுமில்லை என்கிறார். விற்கும்போது விலையை நேராகச் சொல்லிவிடு. பிறகு கொஞ்சம் குறைத்துக்கொள்ள நினைத்தால் அது உன் கையில் இருக்கிறது. அப்படிச் செய்தால் நிம்மதி கிடைக்கும் என்கிறார். அந்தச் சகோதரர் விடவில்லை. எனக்கு வேண்டியது வேறு வழியில் வந்துவிடுகிறது என்றால் கைவேலையை விட்டுவிடலாமா? கூடாது, இருந்தாலும் செய், ஆனால் பதற்றமில்லாமல் செய் என்று முடிக்கிறார் பிஸ்தாமோன்.

மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு வாரக்கடைசியில் மாலை கோர்ப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

முடிச்சு

மாலை கோர்ப்பதை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சுலபமான வேலை. ஓட்டையில் நூலை விட்டு இழுக்க வேண்டியதுதானே? கோர்ப்பவருக்கு மணி ஒரு பொருட்டே இல்லை, முடிச்சுதான் எல்லாம். ஒரு மணி, ஒரு முடிச்சு, அடுத்த மணி. முடிச்சு மணியை ஒட்டி விழ வேண்டும். கொஞ்சம் தள்ளி விழுந்தால் மணி ஆடும். ரொம்ப இறுக்கினால் மாலை விறைத்துக்கொண்டு, கையில் உருளாது. ஊசி முனையை முடிச்சுக்குள் வைத்து, அதை மணிவரைக்கும் நகர்த்திக்கொண்டே வந்து, கடைசி நொடியில் ஊசியை உருவிவிட வேண்டும். நூல் அறுந்தாலும் 108 மணியும் தரையில் சிதறாது. ஒன்றோ இரண்டோதான் விழும். ஒரு இடத்துப் பழுது அந்த இடத்தோடு நிற்க வேண்டும் என்பதற்காக எங்கள் துறையில் பக்கம் பக்கமாக டிசைன் டாக்குமெண்ட் எழுதுவார்கள். இங்கே அதை ஒரு முடிச்சு பார்த்துக்கொள்கிறது.

இந்த முடிச்சையே பிரார்த்தனையாக்கியவர்கள் உண்டு. கிரேக்க நாட்டின் ஆதோஸ் மலையில், ஆர்த்தடாக்ஸ் துறவிகள் கம்பளி நூலில் ஜபக்கயிறு பின்னுகிறார்கள். கொம்போஸ்கினி என்று பெயர். அதில் மணியே கிடையாது, முடிச்சுகள்தான் மணிகள். ஒவ்வொரு முடிச்சும் நூல் நூலின் மேல் குறுக்காக ஓடி, உள்ளே பல சிலுவைகளாக விழும்படி கட்டப்படுவது. அதற்கு ஒரு கதை சொல்வார்கள். ஆதியில் ஒரு துறவி சாதாரண முடிச்சுகள் போட்டு ஜெபத்தை எண்ணினாராம். சாத்தான் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டானாம். பிறகு சாத்தானால் அவிழ்க்க முடியாத சிலுவை முடிச்சைத் தேவலோகத்திலிருந்து கற்றுக்கொடுத்தார்களாம். கதை இருக்கட்டும். அந்த முடிச்சைப் போடும்போதே இயேசு நாமத்தைச் சொல்லிக்கொண்டு போடுவது அவர்கள் வழக்கம். ஆக, கயிறு வாங்குபவர் கைக்குப் போவதற்கு முன்பே அதில் ஒரு சுற்று ஜெபம் நடந்து முடிந்திருக்கிறது.

திபெத்தியர்களிடம் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அவர்கள் மாலையிலும் 108 மணிதான். ஆனால் ஒரு சுற்று முடிந்தால் 100 என்றுதான் கணக்கு வைப்பார்கள். மிச்சம் 8, இடையில் மனம் அலைந்ததற்கும், வாய் தவறியதற்கும். மாலையிலிருந்து இரண்டு சின்னச் சரங்கள் தொங்கும். ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து வளையம். ஒரு சுற்று முடிந்தால் முதல் சரத்தில் ஒரு வளையத்தை நகர்த்துவார்கள். பத்தும் நகர்ந்தால் இரண்டாவது சரத்தில் ஒன்று. லட்சக்கணக்கில் மந்திரம் சொல்கிற சாதனைகளுக்கு இந்த ஏற்பாடு. கால்குலேட்டரில் நாம் ‘கேரி’ என்று சொல்வதை நூலிலேயே செய்திருக்கிறார்கள். மனிதன் பிழை செய்வான் என்று தெரிந்து, அதற்கு முன்கூட்டியே எட்டு மணி ஒதுக்கிவைத்த அந்த முகமறியா ஆளை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இதையெல்லாம் எண்ணுகிறவன் மட்டும் யோசித்திருப்பான் என்று நான் நம்பவில்லை. நூலும் கையுமாக உட்கார்ந்தவர்களின் மூளை இதில் இருக்கிறது.

தெருப் பெயரான தொழில்

ஆங்கிலத்தில் மணியைக் குறிக்கும் ‘பீட்’ என்ற சொல்லுக்கு முதலில் பிரார்த்தனை என்றுதான் பொருள். பிரார்த்தனையை எண்ணப் பயன்பட்டதால், அந்தப் பெயர் மெல்ல மணிக்கே போய்விட்டது. இன்றைக்கு ஃபேன்சி ஸ்டோரில் ‘பீட்ஸ்’ கேட்டு வாங்குகிற பிள்ளைக்கு, தான் வாங்குவது ஒரு ஜெபத்தின் பெயர் என்று தெரியாது.

இங்கிலாந்தில் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கோடைவா என்ற சீமாட்டியை, குதிரை மேல் ஆடையில்லாமல் ஊர்வலம் போன கதையால்தான் பலருக்கும் தெரியும். அந்தக் கதை பிற்காலத்தில் சேர்ந்தது. அவரைப் பற்றி 12ஆம் நூற்றாண்டில் மால்ம்ஸ்பரி வில்லியம் என்ற துறவி எழுதிய குறிப்பு வேறொன்று: கோடைவா ரத்தினக் கற்களை நூலில் கோர்த்து வைத்திருந்தார், ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக் குறையாமல் பிரார்த்தனை செய்வார், இறக்கும்போது அதைக் கவன்ட்ரி மடத்திலிருந்த மாதா சிலையின் கழுத்தில் போடச் சொன்னார். பெயர் தெரிந்த, கோர்த்ததாகவும் எண்ணியதாகவும் எழுதிவைக்கப்பட்ட மிகச் சிலரில் இவர் ஒருவர். சீமாட்டி என்பதால் பெயர் தப்பியது.

அடுத்த இருநூறு ஆண்டுகளில் கோர்ப்பது தனித் தொழிலாகிவிட்டது. லத்தீனில் ‘பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே’ என்ற ஜெபம் ‘பாத்தர் நோஸ்தர்’ என்று ஆரம்பிக்கும். அதை எண்ணுகிற மாலைக்கும் அதே பெயர், மாலை செய்பவருக்கும் அதே பெயர். பாரிஸ் நகர அதிகாரி எத்தியேன் புவாலோ 1268 வாக்கில் நகரத்தின் தொழில்களையும் அவற்றின் விதிகளையும் தொகுத்தார். அதில் மணி செய்பவர்கள் ஒரே கூட்டமாக இல்லை. எலும்பிலும் கொம்பிலும் செய்பவர்கள் தனி. பவளத்திலும் சிப்பியிலும் செய்பவர்கள் தனி. ஆம்பர் என்கிற மரப்பிசின் கல்லிலும், ஜெட் என்கிற கருங்கல்லிலும் செய்பவர்கள் தனி. எலும்புக்காரர் பவளத்தைத் தொட முடியாது. அந்தத் தொகுப்பில் பல தொழில்களுக்கு இரவில் வேலை செய்யத் தடை இருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் வேலை சுத்தமாக வராது, வாங்குபவர் ஏமாறுவார் என்பது காரணம். பொருள் பொருளாக இருக்கிறதா, வேலை வேலையாக இருக்கிறதா என்பதுதான் அந்தக் கில்டுகளின் கவலை. மணி செய்தவன் பக்தனா என்று அங்கே எந்த விதியும் கேட்கவில்லை.

லண்டனில் செயின்ட் பால் பேராலயத்தின் பக்கத்தில் பாத்தர்நோஸ்டர் ரோ என்று ஒரு தெரு. ஜெபமாலை மணி கடைபவர்கள் அங்கே குடியிருந்ததை 1598இல் லண்டன் வரலாற்றை எழுதிய ஜான் ஸ்டோ குறித்து வைத்திருக்கிறார். அவர் எழுதும்போது அது பழைய கதையாகியிருந்தது. மதம் மாறிய இங்கிலாந்து 1571இல் ஒரு சட்டம் போட்டு, ரோமிலிருந்து சிலுவைகளையும் படங்களையும் ஜெபமணிகளையும் கொண்டுவந்து கொடுப்பதையும், வாங்கி வைத்துக்கொள்வதையும் சேர்த்தே குற்றமாக்கியிருந்தது. தெருப் பெயர் மட்டும் நின்றது. பின்னால் அது புத்தக வியாபாரிகளின் தெருவானது. 1940 டிசம்பர் 29 அன்று ஜெர்மன் குண்டுவீச்சில் லட்சக்கணக்கான புத்தகங்களோடு எரிந்தது.

இந்த வியாபாரத்தின் இருட்டான பக்கம் பால்டிக் கடற்கரையில் இருக்கிறது. கடல் அலை ஒதுக்கும் ஆம்பருக்கு ஐரோப்பா முழுவதும் கிராக்கி. மாலைக்காகத்தான். டியூட்டானிக் சபை என்ற வீரத்துறவிகளின் கூட்டம் அந்தக் கரையைக் கைப்பற்றி, ஆம்பர் முழுவதும் தங்களுக்கே சொந்தம் என்றது. அனுமதியில்லாமல் பொறுக்கினால் தூக்கு. அந்த ஆம்பரை அவர்கள் ப்ரூஜ், லூபெக் நகரங்களின் மணிக் கில்டுகளுக்கு விற்றார்கள். சபையில் சேரும்போது ஒவ்வொரு வீரனும் எடுத்துக்கொண்ட சத்தியங்களில் ஒன்று ஏழ்மை. தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று ஆண்டவன் முன்னால் சொன்னவர்கள்தான், கரையில் ஒதுங்கிய கல்லை எடுத்த மீனவனைத் தூக்கில் போடச் சட்டம் வைத்திருந்தார்கள். அந்தக் கல் லூபெக்கில் மணியாகி, எங்கோ ஒரு சீமாட்டியின் கையில் உருண்டு, அவருடைய ஆத்மாவுக்காக எண்ணப்பட்டது.

மாலை என்பது அந்தஸ்தாகவும் மாறியிருந்தது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாசர் எழுதிய ‘கேன்டர்பரி கதைகள்’ நூலில் ஒரு கன்னிமடத் தலைவி வருகிறார். கையில் பவள மாலை, அதில் தங்கப் பதக்கம். சாசர் அவரைத் திட்டவில்லை. பதக்கத்தை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

இதற்கு எதிர்த்திசையில் இழுத்தவர்களும் இருந்தார்கள். 1475இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில், யாக்கோப் ஷ்ப்ரெங்கர் என்ற டொமினிக்கன் துறவி ஜெபமாலைச் சபை ஒன்றைத் தொடங்கினார். சந்தா கிடையாது. ஏழை, பெண், வேலைக்காரர் யாரும் பெயர் எழுதிக்கொள்ளலாம். வாரத்துக்கு மூன்று முறை ஐம்பது ஐம்பதாக மாதா ஜெபம் சொல்ல வேண்டும். முடியாமல் போனால் பாவமில்லை. சக்கரவர்த்தி மூன்றாம் ஃபிரடெரிக்கின் பெயரும் அதே பதிவேட்டில் இருந்தது. பவளம் வாங்க முடியாதவருக்கு மரமணி, மரமணியும் இல்லாதவருக்கு முடிச்சுக் கயிறு. மாதாவிடம் போய்ச் சேருகிற கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான்.

நம் பக்கம்

மணியில் துளையிடும் வித்தை நமக்கு ஒன்றும் புதிதில்லை. கொடுமணலில் பளிங்கும் சூதுபவளமும் மணியாகக் கடையப்பட்டது, அரிக்கமேட்டில் கண்ணாடி மணி செய்யப்பட்டது எல்லாம் பள்ளிப் பாடம்வரை வந்துவிட்டது. அவை அணியவும் விற்கவும் செய்யப்பட்டவை. எண்ணுகிற மாலையை நம் ஊரில் கல்லில் பார்க்கலாம். சோழர் காலக் கோயில் எதிலாவது வடக்குச் சுவரின் கோஷ்டத்தில் நிற்கும் பிரம்மாவைப் பாருங்கள். பின்கை ஒன்றில் அக்கமாலை இருக்கும். பல ஊர்களில் தெற்குச் சுவரின் தட்சிணாமூர்த்தி கையிலும் உண்டு. மணி மணியாகச் செதுக்கியிருப்பார்கள். பிரம்மா யாரை எண்ணுகிறார் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். இப்போது வேறு யோசனை வருகிறது. தூணில் நாட்டியக்காரி, மல்லன், வேட்டைக்காரன் என்று எல்லாரையும் செதுக்கிய சிற்பி, மாலை கோர்ப்பவர் ஒருவரைச் செதுக்கி நான் எங்கும் பார்த்ததில்லை.

கல்லில் பார்க்க முடியாதவரைக் கோயில் வாசலில் பார்க்கலாம். ராமேஸ்வரம், திருவண்ணாமலை, வேளாங்கண்ணி எங்கே போனாலும் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கும் நரிக்குறவப் பெண்கள். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் குறடு. மணிக்குள் கம்பியை விட்டு, முனையை வளைத்து, அடுத்த மணியின் வளையத்தில் மாட்டி, ஒரு முறுக்கு. பேசிக்கொண்டே, குழந்தையை அதட்டிக்கொண்டே, கண் வேறெங்கோ இருக்க, கை அதுபாட்டுக்கு ஓடும். ருத்ராட்சமும் ஸ்படிகமும் வேளாங்கண்ணியில் சிலுவை தொங்கும் செபமாலையும் ஒரே சாக்கில் கிடக்கும். செபமாலை என்ற சொல்லிலேயே ஜபம் இருக்கிறது. சொல்லுக்கு இல்லாத மதபேதம் அந்தச் சாக்குக்கும் இல்லை. அவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி என்ற, வடக்கத்தி மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. அவர்களுடைய சாமி துணிமூட்டைக்குள் பத்திரமாக இருக்கும் அம்மன். மூன்று மதத்துக்காரர்களுக்கும் எண்ணுவதற்கு மாலை கோர்க்கிறவர்கள், தங்கள் அம்மனுக்கு எண்ணிக் கும்பிடுவதில்லை.

அவர்கள் வேட்டைச் சமூகம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை குற்றமானது. பக்கத்தொழிலாக இருந்த பாசிமணியும் ஊசிமணியும் முழுத்தொழிலாகியது. காட்டை மூடியபோது மாற்றுவழி என்று யாரும் கையில் எதையும் கொடுத்துவிடவில்லை. கையில் ஏற்கெனவே இருந்தது குறடுதான். பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டம் 2023 ஜனவரியில்தான் நிறைவுக்கு வந்தது. பல பத்தாண்டுக் கோரிக்கை.

ருத்ராட்சத்தின் பயணத்தையும் இங்கே சொல்லிவிடலாம். மரத்தில் அது பளபளக்கும் நீலப் பழம். அந்த நீலம் சாயத்தால் வந்ததில்லை. தோலின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி சிதறுவதால் தெரிகிற நீலம், மயிலிறகுபோல. சதையை நீக்கினால் கொட்டை. அதன் பள்ளங்களைத்தான் முகம் என்கிறோம். பெரிய கொட்டைகள் நேபாளத்தின் கிழக்கு மலைகளிலிருந்து வருகின்றன. மாலைக்குப் பயன்படும் சின்னக் கொட்டைகளில் பெரும்பகுதி இந்தோனேஷியாவிலிருந்து. ஜாவாவின் முஸ்லிம் விவசாயி பறித்து, சுத்தம் செய்து அனுப்பிய கொட்டையை, அம்மன் கும்பிடும் நரிக்குறவப் பெண் கோர்த்து, சைவர் ஒருவர் எண்ணுகிறார். இது நடந்துகொண்டேதான் இருக்கிறது. யாரும் இதற்காக மாநாடு போடவில்லை.

ஏமாற்றும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. அபூர்வ முகத்துக்கு விலை எகிறுவதால், கொட்டையில் கூடுதல் கோடு செதுக்குவது, இரண்டை ஒட்டி ஒன்றாக்குவது எல்லாம் உண்டு. தண்ணீரில் போட்டால் அசல் மூழ்கும் என்பார்கள். உலர்ந்த அசல் மிதக்கலாம், ஈயம் வைத்த போலி மூழ்கலாம். உள்ளே எத்தனை விதை அறை இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்ப்பதுதான் ஓரளவு நம்பகமான வழி. இந்த ஏமாற்று சாக்கு விரித்த கடையில் மட்டும் நடப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். வெல்வெட் பெட்டி, சான்றிதழ், ‘உருவேற்றியது’ என்ற ஒரு வரி, கூடவே ஐந்திலக்க விலை என்று வந்தால், நம் சந்தேகம் வாயை மூடிக்கொள்கிறது. சாக்குக்கடையில் 150 ரூபாய் என்றால், “நூறுன்னா குடு, இல்லேன்னா போறேன்” என்று நடக்க ஆரம்பிக்கிறோம்.

ஒன்றே முக்கால் மணி நேரம்

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூலில் முடிச்சுப் போட்டுக் கோர்க்கும் மாலைக்கு ஒரு முடிச்சுக்கு ஒரு நிமிஷம் என்று வையுங்கள். 108 முடிச்சு, 108 நிமிஷம். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேலே. மணிக்கும் நூலுக்கும் 60 ரூபாய் போனது என்று வைத்துக்கொண்டால், 150 ரூபாய் மாலையில் கோர்த்தவருக்கு நிற்பது 90. நாம் பேசி நூறுக்கு முடித்தால் 40. ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு நாற்பது ரூபாய். அந்த மாலையை எடுத்துப்போய், நாம் ஒரு சுற்று எண்ணி முடிக்க ஐந்து பத்து நிமிஷம் ஆகும். அதற்குப் பெயர் சாதனை. அதைவிடப் பல மடங்கு நேரம், அதே மணிகளை அதே வரிசையில், ஒன்றுகூட விடாமல், ஒவ்வொன்றாகத் தொட்டு நகர்ந்த கைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம்?

கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டுக்கொண்டவர், 41 நாள் மண்டலத்துக்கும் ‘சாமி’. நேற்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்ட மேனேஜர்கூட ‘சாமி’ என்பார். கழுத்தில் ஒரு மாலை ஏறினால் மனிதன் சாமியாகிறான் என்று இவ்வளவு தீவிரமாக நம்புகிற சமூகம், அதைக் கோர்த்தவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்கிறது. கடைக்காரர்கள் வாசலில் அண்டவிடுவதில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டியூட்டானிக் வீரர்களை நினைத்து நாம் ரொம்பவும் அதிர்ச்சியடைய வேண்டியதில்லை.

என் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். பக்தியை விற்கிறாய் என்று அவரிடம் சொல்கிறவர்கள், ஜபமாலை எப்போதோ ஒரு காலத்தில் சந்தைக்கு வெளியே சுத்தமாக இருந்தது என்று நினைக்கிறார்கள். அப்படி ஒரு காலத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கோர்க்கத் தெரிந்தவரும் எண்ண விரும்பியவரும் வேறுவேறு ஆட்களாக ஆன நாளிலேயே நடுவில் காசு வந்துவிட்டது. அதில் கெட்டது என்று வரலாறு காட்டுவது மூன்று விஷயங்களைத்தான்: பொய்ப் பொருளை மெய்யென்று விற்பது, கரையை வளைத்துப்போட்டு எடுத்தவனைத் தண்டிப்பது, கோர்த்தவரின் நேரத்தை இல்லாததாக நினைப்பது. முதலிரண்டையும் விற்பவர்களும் ஆள்பவர்களும் செய்தார்கள். மூன்றாவதைச் செய்தது வாங்குகிற நாம்.

பழைய பாலைவனத் தொகுப்பில் விலை பற்றி இன்னொரு குறிப்பும் இருக்கிறது. அப்பா அகத்தோனும் அப்பா அம்மோனும் எதையாவது விற்கப் போனால், விலையை ஒரே ஒரு முறை சொல்வார்களாம். அதற்குக் கொடுப்பதைப் பேசாமல் வாங்கிக்கொள்வார்களாம். குறிப்பு அதோடு முடிந்திருந்தால், விற்பவர் இப்படி இருக்க வேண்டும் என்று இன்னொரு உபதேசமாகப் போயிருக்கும். ஆனால் அடுத்த வரியும் இருக்கிறது. அவர்கள் எதையாவது வாங்கப் போனால், கேட்ட விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு, பொருளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்களாம்.

நண்பர் போன மாதம் விலைப்பட்டியல் ஒன்று போட்டார். மணிக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு, 108 முடிச்சுக்கு இவ்வளவு என்று மூன்றே வரி. “முடிச்சுக்கெல்லாமா காசு?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். “ஆமாங்க, அது மட்டும்தான் என்னோடது” என்று சொல்லியிருக்கிறார்.